காதுக்குள் வளரும் எலும்பு, காதுக்குள் பூக்கும் பூஞ்சை

அக்கா மகன் அயர்லாந்தில் வேலை பார்க்கிறான். இங்கே இருந்தபோது மாமல்லபுரத்தில் அலைச்சறுக்கு பழகியவன். அங்கே போயும் விடவில்லை. அந்த நாட்டின் மேற்குக் கரையில் லஹிஞ்ச், பண்டோரன் என்று அலைக்குப் பேர்போன ஊர்கள் இருக்கின்றன. லீவு கிடைத்தால் பலகையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவான். மழை, பனி எதையும் பார்ப்பதில்லை. கொஞ்ச நாளாகவே ஒரு காது அடைத்துக்கொள்கிறது, கடலுக்குப் போய்வந்தால் உள்ளே போன தண்ணீர் நாள் முழுக்க வெளியே வரமாட்டேன் என்கிறது என்று டாக்டரிடம் போயிருக்கிறான். அவர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, உள்ளே எலும்பு வளர்ந்திருக்கிறது என்று சொல்லியிருக்கிறார். பையன் பயந்துபோய் எனக்குப் போன் செய்தான்.

"சித்தி, அம்மாகிட்ட சொல்லிடாதீங்க. காதுக்குள்ள எலும்பெல்லாம் வளருமா? கட்டி கிட்டியா இருக்குமோ?"

நான் தஞ்சாவூரில் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். பணிக்காலத்தில் பெரும்பகுதி காது மூக்கு தொண்டைப் பிரிவில்தான் போனது. அதனால் சொந்தத்தில் யாருக்குக் காது வலித்தாலும் முதல் போன் எனக்கு வரும். அவனுக்குச் சொன்னதை எல்லோருக்கும் ஆகட்டுமே என்று எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத, நம்ம ஊர் ஆற்றங்கரைக் காதுகளைப் பற்றியும் சொல்லாமல் முடியாது என்று ஆகிவிட்டது.

வளரும்டா, ஆனால் அது புற்றுநோய்க் கட்டி இல்லை, முதலில் சாப்பிட்டுவிட்டுத் தூங்கு என்றேன்.

காதுத் துவாரம் பெரியவர்களுக்கு ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர் நீளம். வெளிப்பக்கத்து மூன்றில் ஒரு பங்கு குருத்தெலும்பு. முடி, குறும்பி எல்லாம் அங்கேதான். அதற்கு உள்ளே செவிப்பறை வரைக்கும் எலும்புச் சுவர். அந்தச் சுவரின் மேல் இருக்கும் தோல் ரொம்ப மெல்லிசு. கொழுப்பு இல்லை, சதை இல்லை. குளிர்ந்த தண்ணீரும் குளிர்காற்றும் அங்கே மாறி மாறிப் படும்போது எலும்பை மூடியிருக்கும் சவ்வு சீண்டப்படுகிறது. அது புது எலும்பை அடுக்கடுக்காகப் படியவிடுகிறது. ஒரு நாளில் நடப்பதில்லை; பல வருஷம் ஆகும். வலியும் இருக்காது. துவாரம் பாதிக்கு மேல் குறுகி, தண்ணீரும் குறும்பியும் உள்ளே சிக்கிக்கொள்ளும்போதுதான் ஆள் டாக்டரைத் தேடுவார். பெரும்பாலும் இரண்டு காதிலும் வரும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தக் காதில் கூடுதலாக இருக்கும்.

சர்ஃபர்ஸ் இயர் என்று இதற்குப் பேர். ஆனால் பலகை வருவதற்கு எத்தனையோ ஆயிரம் வருஷம் முன்பே இந்த எலும்பு வந்துவிட்டது. எரிக் ட்ரின்கௌஸ் என்ற மானுடவியலாளரும் கூட்டாளிகளும் 2019-ல் வெளியிட்ட ஆய்வில், 23 நியாண்டர்தால் மனிதர்களின் காது எலும்புகளைப் பார்த்திருக்கிறார்கள். ஏறக்குறைய பாதிப் பேருக்கு இது இருந்திருக்கிறது. ஈராக்கின் ஷனிதார் குகையில் கிடைத்த ஒருவரின் கதையைப் படித்தபோது எனக்கு மனசு கலங்கிவிட்டது. ஒரு கை முழங்கைக்குக் கீழே இல்லை, ஒரு கண்ணில் பார்வை இல்லாமல் இருந்திருக்கலாம், காது இரண்டும் எலும்பு வளர்ந்து கேட்கும் திறன் வெகுவாகக் குறைந்திருக்கிறது. அப்படியும் நாற்பது வயதைத் தாண்டி வாழ்ந்திருக்கிறார். கூட இருந்தவர்கள் சோறு போட்டுப் பார்த்துக்கொள்ளாமல் அது நடந்திருக்காது. வார்டில் வேலை பார்த்தவளுக்கு அந்தக் கூட இருந்தவர்கள் மேல்தான் கண் போகும்.

சரி, இது நம்ம பக்கம் ஏன் இல்லை? மார்கழி விடியலில் தலை முழுகுகிறோம், தை மாதம் திருவையாற்றில் ஆராதனைக்கு வருகிறவர்கள் காவிரியில் முங்கிவிட்டுப் பந்தலில் போய் உட்காருகிறார்கள். ஆனாலும் என் சர்வீஸில் குளிரால் எலும்பு வளர்ந்த காது ஒன்றைக்கூடப் பார்த்ததாக ஞாபகம் இல்லை. கென்னடி என்ற ஆய்வாளர் 1986-ல் உலகத்து மண்டையோட்டுத் தரவுகளை அட்சரேகை வாரியாகப் பிரித்துப் பார்த்தார். 30-லிருந்து 45 டிகிரி வரையிலான இடங்களில்தான் இது அதிகம். பூமத்தியரேகைப் பக்கம் குறைவு. தஞ்சாவூர் ஏறக்குறைய 11 டிகிரியில் இருக்கிறது. பொதுவாக 19 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருக்கும் தண்ணீரைத்தான் இதற்குக் காரணமாகச் சொல்கிறார்கள். நாகப்பட்டினம் கடல் வருஷத்தில் பெரும்பாலும் 26-க்கு மேல். மார்கழி ஆறு நமக்கு நடுக்கம் கொடுத்தாலும் 20-க்குக் கீழே இறங்காது. அயர்லாந்துக் கடலோ கோடையிலேயே 15, 16. குளிர்காலத்தில் 8, 10 என்று நிற்கும்.

பனாமா மட்டும் இதற்கு விலக்கு மாதிரித் தெரியும். வெப்ப நாடுதான், ஆனால் அங்கே பழைய புதைகுழிகளில் கிடைத்த சிலரின் காதில் இந்த எலும்பு இருந்தது. அந்த வளைகுடாவில் வருஷத்தின் முதல் மாதங்களில் ஆழத்துக் குளிர்நீர் மேலே ஏறி வருகிறது. அந்தத் தண்ணீரில் முத்துக்கும் சிப்பிக்கும் மூழ்கியவர்களாக இருக்க வேண்டும் என்கிறார்கள். ஆகவே ஊர் எது என்று பார்த்துப் பயனில்லை. காதைத் தொடும் தண்ணீரின் சூடு என்ன என்றுதான் பார்க்க வேண்டும்.

பையனுக்கு என்ன சொன்னேன் என்றால், கடலை விடாதே, காதை மூடு.

குளிர்க்கடலில் இறங்கும் உடுப்பு நியோப்ரீன் என்ற செயற்கை ரப்பரில் செய்தது. ட்யூபாண்ட் கம்பெனி 1930-ல் கண்டுபிடித்த பொருள். அதைக் குளிருக்கு உடுப்பாக்கலாம் என்று 1950-களின் தொடக்கத்தில் யோசித்தவர் ஹியூ பிராட்னர் என்ற கலிபோர்னியப் பேராசிரியர், இயற்பியல்காரர். கடற்படை முக்குளிப்பவர்களுக்காக ஆரம்பித்த வேலை. அவருக்கு முன்னால் எல்லோரும் உடம்பில் தண்ணீர் படாமல் இருந்தால்தான் குளிராது என்று நினைத்தார்கள். நனைந்தால் பரவாயில்லை, ரப்பருக்குள் இருக்கும் நுண்ணிய வாயுக்குமிழிகள் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்று பிடித்தது அவர். தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை இழுத்துக்கொண்டு போகும். அதைத் தடுப்பதுதான் இந்த உடுப்பின் வேலை. 1952-ல் சான்ஃபிரான்சிஸ்கோவில் கடை திறந்த ஜாக் ஓ'நீல் இதை அலைச்சறுக்குக்காரர்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

உடுப்பின் மேல் 5/4 என்று போட்டிருந்தால் நெஞ்சுப் பக்கம் 5 மில்லிமீட்டர் தடிமன், கை கால் பக்கம் 4 என்று அர்த்தம். என் அக்கா மகனிடம் அது இருக்கிறது. பூட்ஸ் இருக்கிறது, கையுறை இருக்கிறது. கேட்டால் பெருமையாகப் போட்டோ அனுப்புகிறான். தலைக்கு? தலைமுக்காடு வாங்கி அலமாரியில் வைத்திருக்கிறான்! தலை மூடினால் அலைச் சத்தம் கேட்கவில்லையாம், பிடிக்கவில்லையாம். நெஞ்சுக்கு 5 மில்லிமீட்டர் போட்டவன், தோலுக்கு அடியிலேயே எலும்பு இருக்கிற இடத்தைத் திறந்து போட்டுவிட்டான்.

காதடைப்பானில் நுரைப்பஞ்சு மாதிரி இருப்பது சத்தத்துக்குத்தான், தண்ணீருக்கு உதவாது, அது ஊறிவிடும். சிலிக்கானில் வருவதை வாங்க வேண்டும். இப்போது நடுவில் நுண்ணிய வலை வைத்து, சத்தத்தை விட்டுத் தண்ணீரை நிறுத்துகிற வகையும் வந்திருக்கிறது. நண்பன் கத்துவது கேட்கும், பின்னால் உடையும் அலையும் கேட்கும். காதடைப்பான் உள்ளே, அதன்மேல் முக்காடு. இரண்டும் வேண்டும்: ஒன்று தண்ணீரை நிறுத்துகிறது, மற்றது காற்றை நிறுத்துகிறது, காதடைப்பானும் கழன்று போகாது. ஒரே ஒரு எச்சரிக்கை. இதைப் போட்டுக்கொண்டு ஆழத்துக்கு முங்கக் கூடாது. உள்ளேயும் வெளியேயும் அழுத்தம் ஒத்துப்போகாமல் செவிப்பறை பாதிக்கப்படும்.

வளர்ந்த எலும்பைக் கரைக்க மருந்து கிடையாது. அடைப்பும் சீழும் திரும்பத் திரும்ப வந்தால் அறுவை செய்து, நுண்ணிய துளைப்பானாலோ உளியாலோ எலும்பைச் செதுக்கி எடுப்பார்கள். பிறகு வாரக்கணக்கில் தண்ணீர்ப் பக்கம் போகக்கூடாது. காதை மூடாமல் மறுபடி இறங்கினால் மறுபடி வளரும். அவனுக்கு இன்னும் அந்த நிலை வரவில்லை. காதை மூடிக்கொள், அடுத்த வருஷம் வந்து காட்டு என்று அனுப்பியிருக்கிறார்கள். எனக்கு நிம்மதி.

குளிர்நீரைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். ராபர்ட் பாரனி என்று ஒரு வியன்னா டாக்டர். காதைக் குழாய்விட்டுக் கழுவும்போது தண்ணீர் குளிர்ந்திருந்தால் நோயாளிக்குத் தலை சுற்றுகிறது, கண் ஒரு பக்கமாக வெட்டி வெட்டி ஆடுகிறது, சூடாக இருந்தால் எதிர்ப்பக்கம் ஆடுகிறது என்று கவனித்தார். உள்காதில் நம்மை நிலை தவறாமல் நிறுத்துகிற வளைகுழாய்களில் இருக்கும் திரவம் சூடு, குளிர்ச்சிக்கு ஏற்ப நகர்வதுதான் காரணம். இதற்கு 1914-ஆம் ஆண்டின் நோபல் பரிசு. அறிவிப்பு வந்தபோது அவர் ரஷ்யர்களிடம் போர்க்கைதியாக இருந்தார். நாங்கள் காது கழுவும்போது தண்ணீர் உடம்புச் சூட்டுக்கு வந்திருக்கிறதா என்று கையில் விட்டுப் பார்ப்பது இதனால்தான். செவிப்பறையில் ஓட்டை இருப்பவர் ஆற்றில் முங்கினால், அந்த ஓட்டை வழியாகக் குளிர்நீர் நடுக்காதுக்குள் போய்விடும். திடீரென்று மேல் எது கீழ் எது என்று தெரியாமல் போகும். நீச்சல் தெரிந்தவர்கூட அந்த நேரத்தில் தத்தளிப்பார். அதனால் அப்படிப்பட்டவர்களை முங்கவேண்டாம் என்று நாங்கள் கெஞ்சுவதுண்டு.

இனி நம்ம ஆறு.

வழக்கமாக ஜூன் 12-ல் மேட்டூர் திறப்பார்கள். சில வருஷம் தள்ளிப்போகும், 2024-ல் ஜூலை கடைசிதான். கல்லணைக்குத் தண்ணீர் வந்து காவிரி, வெண்ணாறு, புது ஆறு என்று பிரிந்து ஓட ஆரம்பித்த இரண்டு வாரத்தில் எங்கள் ஓ.பி.யில் காதைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் வரிசை கட்டும். ஆடிப்பெருக்கு முடிந்தால் இன்னும் கூடும். ஜனவரி 28-ல் மேட்டூரை மூடினபிறகு ஆற்றில் மணல்தான். அந்த மாதங்களில் ஊர்க் குப்பை, சாக்கடை எல்லாம் ஆற்றுக்குள்ளேயே கிடக்கும். நுங்கும் நுரையுமாக வரும் முதல் தண்ணீர் அதையெல்லாம் வாரிக்கொண்டு வருகிறது. பிள்ளைகள் அந்தத் தண்ணீரில்தான் முதல் குதியைக் குதிக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. நானும் திருவையாற்றுப் படித்துறையில் நீந்திப் பழகினவள்தான். இரண்டு மூன்று நாள் பொறுத்து, தண்ணீர் கொஞ்சம் தெளிந்தபிறகு இறங்கச் சொல்லுங்கள் என்று அம்மாமார்களிடம் சொல்வேன்.

இந்தத் தண்ணீரில் எலும்பு வளராது, வேறு ரெண்டு வரும். ஒன்று, காதுத் துவாரத்துத் தோல் ஊறி வீங்கிச் சீழ் பிடிப்பது. சூடோமோனாஸ், ஸ்டெஃபைலோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்களின் வேலை. காது மடலைப் பிடித்து லேசாக இழுத்தாலே பிள்ளை கத்திவிடும்; சளி பிடித்து நடுக்காதில் சீழ் கட்டினால் மடலை இழுத்தால் அவ்வளவு வலிக்காது. வீட்டிலேயே இதை வைத்து ஓரளவு பிரித்துப் பார்க்கலாம். இன்னொன்று பூஞ்சை. நம்ம பக்கத்துப் புழுக்கத்துக்கு இது சொந்தக்காரன் மாதிரி வந்து தங்கிவிடும். வலியைவிட அரிப்புதான் முதலில் வரும். உள்ளே பார்த்தால் நனைந்த செய்தித்தாள் கிடப்பதுபோல் வெள்ளையும் கறுப்புப் புள்ளிகளுமாகத் தெரியும். அந்தக் கறுப்பு ஆஸ்பர்ஜில்லஸ் நைஜர் என்ற பூஞ்சை. இதற்கு முதல் வைத்தியம் சொட்டு மருந்து இல்லை. உறிஞ்சு குழாயால் எல்லாவற்றையும் சுத்தமாக எடுக்க வேண்டும், பிறகுதான் க்ளோட்ரிமசோல் போன்ற மருந்து. பாதி எடுத்து நிறுத்தினால் திரும்ப வந்து நிற்கும். மெடிக்கல் ஷாப்பில் காதுவலி என்று கேட்டு வாங்குகிற ஆன்டிபயாடிக் சொட்டு மருந்து பூஞ்சைக்குப் பந்தி வைத்த மாதிரி. தடுத்து நிற்கிற பாக்டீரியாவைக் கொன்றுவிட்டால் பூஞ்சைக்கு எதிராளியே இல்லை.

குறும்பியைப் பற்றி நாம் வைத்திருக்கிற அபிப்பிராயத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். அது அழுக்கு இல்லை. லேசான அமிலத்தன்மை உள்ளது, தண்ணீரை ஒட்டவிடாது, கிருமி வளர விடாது. செவிப்பறையிலிருந்து வெளிப்பக்கமாகத் தோல் தானாகவே மெல்ல நகர்ந்துகொண்டிருக்கிறது. பழைய குறும்பியையும் கூடவே தள்ளிக்கொண்டு வந்து வாசலில் விட்டுவிடும். நாம்தான் பட்ஸ், கொண்டை ஊசி, ஊக்கு, சாவி, கோழி இறகு என்று கைக்குக் கிடைத்ததை விட்டு அதை உள்ளே தள்ளுகிறோம். குடைந்தால் சுகமாகத்தான் இருக்கும். அந்தக் கீறலில்தான் ஆற்றுத் தண்ணீர் போய் உட்காருகிறது.

எண்ணெய் விஷயத்தில் என் சொந்தக்காரர்களே என்னோடு சண்டை போடுவார்கள். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கும்போது காதில் ரெண்டு சொட்டு விடாவிட்டால் பாட்டிகளுக்குத் திருப்தி இராது. செவிப்பறை நன்றாக இருக்கிற பெரியவருக்கு அந்த ரெண்டு சொட்டால் பெரிய கெடுதல் வராது. ஆனால் செவிப்பறையில் ஓட்டை இருக்கிறதா இல்லையா என்று பாட்டிக்கு எப்படித் தெரியும்? பூஞ்சை இருக்கிற காதில் எண்ணெய் ஈரத்தைப் பூட்டி வைக்கும். பூண்டு போட்டுக் காய்ச்சின நல்லெண்ணெயைச் சூட்டோடு ஊற்றி உள்ளே வெந்துபோன காதுகளுக்கு நானே கட்டுப் போட்டிருக்கிறேன். பச்சைக் குழந்தைக்குக் காதில் எண்ணெய் ஊற்றுவதை மட்டுமாவது தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

எண்ணெய்க்கு நல்ல வேலை ஒன்று இருக்கிறது. சுத்தமான பஞ்சைத் தேங்காய் எண்ணெயில் தோய்த்து, நன்றாகப் பிழிந்துவிட்டு, காது வாசலில் வையுங்கள். வாஸ்லைன் தடவினாலும் சரி. தண்ணீர் வழுக்கிக்கொண்டு போய்விடும். காதில் சீழ் வடிகிற பிள்ளைகளுக்குக் குளிக்கும்போது நாங்கள் சொல்லிக்கொடுக்கிற முறை இதுதான். வெறும் பஞ்சை வைத்தால் அது தண்ணீரை உறிஞ்சி உள்ளே கொண்டுபோய்க் கொடுக்கும். அயர்லாந்துக் காதுக்குச் சிலிக்கான் என்றால் நம்ம காதுக்கு இது. குளித்து முடித்ததும் எடுத்துப் போட்டுவிட வேண்டும்.

தண்ணீர் போய்விட்டால் என்ன செய்வது? தலையைச் சாய்த்து, மடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்தால் வளைந்த துவாரம் நேராகி, தண்ணீர் இறங்கும். நாங்கள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒற்றைக் காலில் நொண்டியடித்துவிட்டு, வெயிலில் காய்ந்த படிக்கல்லில் காதை வைத்துப் படுத்துவிடுவோம். கல்லின் சூட்டில் காது இதமாகக் காயும். நல்ல வைத்தியம்தான், இன்றைக்கும் செய்யலாம். வெளிநாட்டில் வினிகரும் ஆல்கஹாலும் கலந்த சொட்டு விட்டுக்கொள்கிறார்கள். செவிப்பறை முழுசாக இருக்கிறது என்று டாக்டர் பார்த்துச் சொன்னால் ஒழிய அதைத் தொடாதீர்கள்.

பாலத்து மேலிருந்து குதிக்கும் பையன்களிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பக்கவாட்டில் விழாதீர்கள். காதுப்பக்கம் தண்ணீரில் பட்டென்று அறைந்தால் செவிப்பறை கிழிந்துவிடும். திடீர் வலி, கொஞ்சம் ரத்தம், "கொய்ங்"கென்று சத்தம் என்றால் கிழிந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் தானே ஆறிவிடும், ஈரம் படாமல் பார்த்துக்கொண்டால். அதனால் வீட்டில் மறைக்க வேண்டாம்.

காதுவலி வருகிறது என்று பிள்ளைகளை ஆற்றுப்பக்கமே விடாத வீடுகள் இப்போது நிறைய. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. புது ஆற்றின் இழுப்பு எப்படி என்று இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆற்றோரத்தில் வாழ்கிற பிள்ளைக்கு நீச்சல் தெரியாமல் இருப்பது காதுவலியைவிடப் பெரிய ஆபத்து. பெரியவர் ஒருவர் கரையில் நிற்க, பஞ்சை வைத்து அனுப்புங்கள்.

அக்காவுக்குக் கடைசியில் விஷயம் தெரிந்துவிட்டது. அவனே உளறியிருக்கிறான். "அந்தப் பாழாப்போன கடலை விட்டுத் தொலைக்கச் சொல்லுடி" என்று என்னிடம் அழுதாள். அவன் முக்காட்டைப் போட்டுக்கொள்ள ஆரம்பித்துவிட்டான், அவன் காது பிழைத்துக்கொள்ளும், நீ கொஞ்சம் உன் காதைக் காட்டு என்றேன். அக்காவுக்கு அறுபதைத் தாண்டிவிட்டது, சர்க்கரை கட்டுக்குள் இல்லை, பேசிக்கொண்டே கொண்டை ஊசியால் காதைக் குடைகிற பழக்கம். சர்க்கரை உள்ள வயதானவர்களின் காதில் சூடோமோனாஸ் புகுந்தால் அது தோலோடு நிற்காமல் மண்டையோட்டு எலும்புக்குள் இறங்கும்; முகத்து நரம்பைப் பிடித்தால் வாய் ஒரு பக்கம் கோணிவிடும். சாதாரண சீழ்க்காது என்று சொட்டு மருந்தோடு காலம் தள்ளி, உயிருக்கே ஆபத்தாகி வந்தவர்களை வார்டில் பார்த்திருக்கிறேன். ராத்திரித் தூக்கத்தைக் கலைக்கிற, ஆழத்திலிருந்து குடைகிற வலி அதன் அடையாளம். நேற்று அவளை மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். பூஞ்சைதான், பயப்பட ஒன்றுமில்லை, சுத்தம் செய்து அனுப்பினார்கள். சர்க்கரை உள்ளவர்கள் யாராவது இதைப் படித்தால், ஓ.பி.யில் டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் காதைக் காட்டுவதற்கு முன்னால் சர்க்கரை இருக்கிறது என்பதை முதலில் சொல்லுங்கள்.